சின்ன வெள்ளியா, பெரிய வெள்ளியா, மினாண்டரா?
சிறு சேமிப்பில் கிரேக்க வெள்ளிக்காசு சேர்க்க நினைக்கும் ராமநாதபுரக் கரையோரத்தாருக்கு

இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியவர் ஒருவர்: "அண்ணே, கையில கொஞ்சம் காசு ஒதுக்கி வச்சிருக்கேன். அந்த ஆந்தை போட்ட ஏதென்ஸ் காசு ஒண்ணே ஒண்ணு வாங்கிரவா, இல்ல சின்னச் சின்னதா பத்து வாங்கவா?" மண்டபத்தில் ஓர் ஆசிரியை: "சார், மாசம் ரெண்டாயிரம்தான் எடுத்து வைக்க முடியும். அதுல இதெல்லாம் நடக்குமா?" தொண்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் கேட்டது வேறு மாதிரி: "நம்ம கரைக்கு வந்த யவனர் காசு எங்க சார் கிடைக்கும்?"

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மூன்று வழிகளை ஒப்பிடப் போகிறேன்: கிரேக்க நகரங்களின் சின்ன வெள்ளிக்காசு, ஆந்தைக் காசு போன்ற பெரிய வெள்ளிக்காசு, மினாண்டர் போன்ற இந்திய-கிரேக்க அரசர்களின் காசு. ஆண்டுக்கு இருபத்தையாயிரம் ரூபாய்க்குள் செலவு செய்யக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

மாணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். அதில் ஒரு தவறான நம்பிக்கையும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கும் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும், கப்பல் வரைந்த பானையோடும் கிடைத்தன. அந்தக் காசுகள் ரோமாபுரிப் பேரரசர்களுடையவை. ஏதென்ஸ், மிலேட்டஸ் போன்ற கிரேக்க நகரங்களின் வெள்ளிக்காசுகள் அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஆகவே, "அழகன்குளத்து ஆற்றுமணலில் எடுத்த கிரேக்கக் காசு" என்று யாராவது தாளில் மடித்துக் கொண்டுவந்து நீட்டினால் கையை நீட்டாதீர்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போன பிறகு அந்தக் காசால் நம் கரையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. நம் ஊர் வரலாற்றை நாமே அழித்து, அதில் மிஞ்சிய துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டதாக ஆகும்.

ஆனால் அந்த மாணவர் ஏமாற வேண்டியதில்லை. 'யவனர்' என்ற சொல்லே அயோனியா என்ற பகுதியின் பெயரிலிருந்து வந்தது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த கிரேக்க நகரங்களின் கூட்டம் அது. அதில் பெயர்பெற்ற நகரம் மிலேட்டஸ். அந்நகரின் வெள்ளிக்காசுதான் இன்றும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழங்கிரேக்கக் காசுகளில் ஒன்று.

## எதை வைத்து அளப்பது

காசின் அழகைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்? போலியா என்பதை என் மேசையில் இருக்கும் கருவிகளை வைத்தே ஓரளவு சோதிக்க முடியுமா? நம் உப்புக்காற்றில் அது தாங்குமா? நாளைக்கு விற்க வேண்டி வந்தால் வாங்க ஆள் உண்டா, சட்டம் விடுமா? கடைசியாக, பத்து ஆண்டு கழித்தும் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றுமா?

நான்காவது கேள்வியை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். தனியார் எவரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே ஜெர்மனியிலோ லண்டனிலோ ஏலத்தில் எடுத்த காசை, பிறகு அங்கேயே விற்றுவிடலாம் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். நம் எல்லைக்குள் வந்துவிட்டால் அது இங்கேதான் கைமாற வேண்டும். கிரேக்க நகரக் காசுகளை வாங்குவோர் இந்தியாவில் குறைவு. விலைப்பட்டியலில் காணாத பெரிய செலவு இதுதான்.

## முதல் வழி: சின்ன வெள்ளி

ஆறு ஓபோல் ஒரு டிராக்மா, நான்கு டிராக்மா ஒரு டெட்ராடிராக்மா. ஏதென்ஸ் எடைமுறையில் டெட்ராடிராக்மா 17.2 கிராம், டிராக்மா 4.3 கிராம், ஓபோல் 0.72 கிராம். நம் பத்தர் பட்டறைக் கணக்கில் சொன்னால் பெரியது இரண்டு பவுனுக்குச் சற்று மேல், ஓபோல் ஏறக்குறைய மூன்று மஞ்சாடி. ஓபோலில் பாதியும் உண்டு. அது கீழே விழுந்தால் பாய் மடிப்பில் தேட வேண்டியதுதான்.

இந்தச் சிறு காசுகளின் மேல் எனக்குப் பெரும் பிரியம். கடற்கரையில் பிறந்தவன் என்பதே அதற்குக் காரணம். கிரேக்க நகரங்கள் பலவும் கடலை நம்பி வாழ்ந்தவை, அதனால் தங்கள் வலையில் பட்டதையெல்லாம் காசில் பொறித்தன. மர்மரா கடலோரம் இருந்த கிசிக்கஸ் நகரம், பருவந்தோறும் அவ்வழியே கூட்டமாகப் போகும் சூரை மீனால் செழித்தது. அதன் வெள்ளிக்காசில் காட்டுப்பன்றியின் முன்பாதிக்குப் பக்கத்தில் ஒரு சூரை நிற்கும், மறுபுறம் சிங்கத்தலை. பாம்பன் பாலத்தடியில் சூரை இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த மீனை யாரும் அடையாளம் காட்டத் தேவையில்லை. சிராக்கூஸ் நகரின் சிறு வெள்ளியில் எட்டுக் கையையும் விரித்த பேய்க்கணவாய் இருக்கும். சிசிலித் தீவின் அக்ரகாஸ் காசில் நண்டு. ஏஜினா தீவுக்காரர்கள் முதலில் கடலாமையைப் போட்டார்கள், பிறகு தரையாமைக்கு மாறினார்கள். கருங்கடலோர இஸ்ட்ரோஸ் காசில் ஓங்கிலை, அதாவது டால்பினை, கவ்வி நிற்கும் கழுகு. ரோட்ஸ் தீவுக் காசில் ஒருபுறம் சூரியதேவன் தலை, மறுபுறம் ரோஜா. 'தலையா பூவா' என்று சுண்டிவிட்டு வளர்ந்த நமக்கு அது பழகிய காசு போலவே இருக்கும்.

விலையில் முதலில் பார்க்க வேண்டியது மிலேட்டஸ். ஒருபுறம் சிங்கத்தலை, மறுபுறம் சதுரக் குழிக்குள் விண்மீன் போல விரிந்த பூ. எடை ஒன்றரை கிராமுக்கும் குறைவு. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அடித்தது. கி.மு. 494-ல் பாரசீகப் படை அந்நகரை அழித்தது. அழிவுக்கு முன் அங்காடியில் கைமாறிய ஒரு துண்டு வெள்ளியை இன்று ஒரு நல்ல கைப்பேசியின் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இனிக் கணக்கு. ஏலத்தில் 50 யூரோவுக்கு எடுத்ததாக வைப்போம். ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 விழுக்காடு என்றால் 10 யூரோ. அஞ்சலும் காப்பீடும் 25. கார்டில் அயல்நாட்டுப் பணமாற்றுக் கட்டணம் மூன்றரை விழுக்காடு என்றால் ஏறக்குறைய 3. மொத்தம் 88 யூரோ. கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 8,800 ரூபாய், இதற்கு மேல் சுங்கமும் ஜிஎஸ்டியும். ஐந்தாயிரம் ரூபாய்க் காசு என்று நினைத்தது வீட்டுக்கு வரும்போது ஒன்பதாயிரத்தைத் தொட்டுவிடுகிறது. அதே விலையில் மூன்று காசுகளை ஒரே ஏலத்தில் எடுத்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் ஒன்றுக்கு ஏழாயிரத்துச் சொச்சம்தான் ஆகும். சின்ன வெள்ளி வாங்குபவர் பொறுமையாகக் காத்திருந்து ஆண்டுக்கு ஒரே முறை வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

போலி விஷயத்தில் சிறியவை ஒருவகையில் நல்லவை. மலிவான காசைப் போலி செய்ய எவரும் மெனக்கெட மாட்டார் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் கருங்கடல் வட்டாரக் காசுகளில் அந்த நம்பிக்கை உதவாது. 1988-ல் மெசெம்பிரியா, அப்பல்லோனியா நகரங்களின் சிறு வெள்ளிக்காசுகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்து, பிறகு போலி என்று நிறுவப்பட்டன. எனக்கும் ஓர் அடி விழுந்தது. நான் ஆசைப்பட்டு வாங்கிய இஸ்ட்ரோஸ் காசின் ஓரத்தில் ஒரு சிறு நெளிவு இருந்தது. ஆறு மாதம் கழித்து வேறொரு விற்பனைப் படத்தில் அதே நெளிவோடு, அதே சாய்வோடு இன்னொரு காசைப் பார்த்தேன். கையால் சுத்தியலடித்துச் செய்த காசில் அச்சு ஒன்றாக இருக்கலாம். வில்லையின் விளிம்பு, அடி விழுந்த கோணம், நெளிவு எல்லாம் ஒன்றாக அமையாது. இரட்டைப் பிள்ளைகளைக் கண்டால் இரண்டுமே வேண்டாம். அன்றிலிருந்து வாங்குமுன் ஏலப் பதிவுகளில் அதே வகைக் காசுகளின் படங்களை நூறாவது பார்க்காமல் பணம் கட்டுவதில்லை.

## இரண்டாவது வழி: பெரிய வெள்ளி

ஏதென்ஸின் டெட்ராடிராக்மாவான ஆந்தைக் காசைக் கையில் வாங்கிய எவரும் அதன் கனத்தை மறக்க மாட்டார். ஏதென்ஸுக்கு அருகில் இருந்த லாவ்ரியன் சுரங்கத்து வெள்ளி, தடித்த வில்லை, பெரிய கண்ணோடு நேராகப் பார்க்கும் ஆந்தை. ஆனால் நம் ஓராண்டுத் தொகை முழுவதும் ஒரே காசில் போய்விடும். நல்ல நிலையில் உள்ளதற்கு அதுவும் போதாது.

இதையே வேண்டுமென்பவருக்கு இரண்டு யோசனை சொல்வேன். ஒன்று, உளிவெட்டு விழுந்த ஆந்தை. வெள்ளிதானா, உள்ளே செம்பா என்று பார்க்கப் பழங்கால வணிகர்களே வெட்டிப் பார்த்த தழும்பு அது. சேகரிப்போர் பலர் அதை ஒதுக்குவதால் விலை இறங்குகிறது. நம் போன்றவருக்கு அது கூடுதல் நன்மை, ஏனென்றால் உள்ளே வெள்ளி இருப்பதை வெட்டுக்குள் நாமே பார்க்கலாம். இன்னொன்று, ஆந்தையை விட்டுவிட்டு அலெக்சாண்டர் பெயரில் அடித்த டிராக்மா. சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் தலை ஒருபுறம், கழுகோடு அமர்ந்த ஜீயஸ் மறுபுறம். அவன் கி.மு. 323-ல் இறந்த பிறகும் அதே அச்சு பல நகரங்களில் தொடர்ந்தது. எண்ணிக்கை அதிகம், தேய்ந்தது மலிவு, கையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் அளவு.

பெரிய காசில் ஒரு வசதி உண்டு. 0.01 கிராம் காட்டும் சிறு தராசும் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு நூலும் இருந்தால் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதை, வீட்டிலேயே அளந்துவிடலாம். வெள்ளிக்கு 10.5-க்கு அருகில் வர வேண்டும். நன்றாகக் குறைந்தால் உள்ளே செம்பு என்று சந்தேகப்படலாம். அரை கிராம் காசில் இந்தச் சோதனை செல்லாது. தராசின் பிழையே விடையை விழுங்கிவிடும்.

## மூன்றாவது வழி: இந்திய-கிரேக்கர்

வடமேற்கு இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் கி.மு. இரண்டு, ஒன்றாம் நூற்றாண்டுகளில் ஆண்ட கிரேக்க அரசர்களின் டிராக்மாக்கள் இவை. கேட்டவர் மூவரும் இந்த வழியைப் பற்றி நினைக்கவேயில்லை. நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

மினாண்டர் என்ற அரசனை நாம் மிலிந்தன் என்று அறிவோம், பௌத்தத் துறவி நாகசேனரிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டவன். அவன் டிராக்மாவின் எடை 2.4 கிராமை ஒட்டியிருக்கும். ஒருபுறம் அவன் தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்தில் 'பசிலியோஸ் சோட்டேரோஸ் மெனாந்த்ரூ', மறுபுறம் இடியை எறியும் அத்தீனா தேவியைச் சுற்றி, வடமேற்கில் அன்று வழங்கிய கரோஷ்டி எழுத்தில் 'மஹாரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ'. இரண்டும் ஒரே பொருள்: காப்பவனான மகாராஜா மினாண்டருடையது. கரோஷ்டி வலமிருந்து இடமாக ஓடும். 1830-களில் கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் இந்த இருமொழிக் காசுகளைப் பக்கத்தில் வைத்துத்தான் கரோஷ்டியை வாசிக்க வழி கண்டார். மறந்துபோன ஓர் எழுத்தைத் திறந்த சாவிகளில் ஒன்றை உள்ளங்கையில் வைத்திருக்கிறோம் என்ற உணர்வை எந்த ஆந்தையும் எனக்குத் தரவில்லை. முதலாம் அப்பல்லோடோட்டஸின் சதுரக் காசு இன்னொரு வகை, யானையும் திமிலுள்ள காளையும்.

செலவைப் பாருங்கள். இந்தியாவுக்குள்ளேயே உரிமம் பெற்ற தொல்பொருள் வணிகரிடமும் நாணய ஏலங்களிலும் கிடைக்கிறது. அயல்நாட்டு அஞ்சல் இல்லை, சுங்கம் இல்லை, பணமாற்றுக் கட்டணம் இல்லை. கேட்ட விலையோடு அஞ்சல் செலவையும், ஏலம் என்றால் அதன் கட்டணத்தையும் கூட்டினால் கணக்கு முடிந்தது. விற்க நினைத்தால் வாங்குவோரும் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். 1972 சட்டப்படி தொல்பொருள் விற்பவருக்கு உரிமம் வேண்டும். ரசீதில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

குறை இல்லாமலில்லை. வடமேற்கிலிருந்து வார்ப்புப் போலிகள் நிறைய வருகின்றன. எழுத்தின் விளிம்பு மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குமிழிகள் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். இன்னொன்று மனச்சாட்சி சம்பந்தப்பட்டது. ஆப்கானிஸ்தானின் மீர் ஸகா போன்ற இடங்களில் கொள்ளையாகத் தோண்டப்பட்ட காசுகள் சந்தையில் கலந்திருக்கின்றன. பழைய சேகரிப்பின் சீட்டோ முந்தைய ஏலப் பதிவோ உள்ள காசுக்குக் கூடுதலாக ஐந்நூறு, ஆயிரம் கொடுக்கலாம் என்பது என் வழக்கம். துருக்கி, கிரீஸ், இத்தாலி நாடுகளின் சட்டங்களும் கடுமையானவை என்பதால் முதல் இரண்டு வழிகளுக்கும் இதையே கடைப்பிடிக்கிறேன்.

## நம் காற்று

மூன்றுக்கும் பொதுவான, உப்புக்காற்றால் வரும் இந்தச் செலவைக் கடலுக்குத் தொலைவான ஊர்க்காரர் எழுதிய எந்தக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வாடை தொடங்கினால் பீரோவின் கீல் கூடத் துருவேறும். பழைய வெள்ளி உப்போடு சேர்ந்தால் சாம்பல் நிறத்தில் கெட்டியான ஒரு படிவு ஏறும், அது வெள்ளிக் குளோரைடு. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மையும் அடைந்திருக்கும். கீழே போட்டால் பிஸ்கெட் போல உடையும். வெள்ளிப் போர்வைக்குள் செம்பு வைத்த பழங்காலக் கள்ளக்காசு என்றால் விரிசல் வழியே ஈரம் புகுந்து பச்சையாக வெடிக்கும். எடைக்கு ஏற்பப் பரப்பு அதிகம் என்பதால் சின்ன வெள்ளிதான் முதலில் பாதிக்கப்படும்.

என் ஏற்பாடு: மூடி இறுக்கமான டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை, ஒவ்வொரு காசும் அமிலமில்லாத தாள் உறையில். பச்சைப் பசை கசியும் மலிவான பிவிசி உறையும், கந்தகம் உள்ள ரப்பர் பேண்டும் கிட்ட வரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஜெல்லின் நிறம் மாறியதும் அதை அடுப்புச் சட்டியில் மெல்லச் சூடாக்கி உலர்த்திவிடுவேன். இதற்கெல்லாம் சில நூறு ரூபாய்தான், ஆனால் செய்தாக வேண்டும். குத்துவிளக்கையும் செம்பையும் பளபளக்க வைக்கும் புளியும் விபூதியும் காசின் பக்கமே போகக் கூடாது. அந்தக் கருநிறம் அழுக்கில்லை, அதுவே காசின் வயது. தேய்த்தால் அழகும் போகும், விலையும் போகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சின்ன வெள்ளி | பெரிய வெள்ளி | இந்திய-கிரேக்கர் |
|---|---|---|---|
| மறைசெலவு | அஞ்சலும் சுங்கமும் காசின் விலையை எட்டலாம் | விலையோடு ஒப்பிட்டால் குறைவு | மிகக் குறைவு |
| வீட்டுச் சோதனை | எடையும் லென்ஸும் மட்டும் | எடை, ஒப்படர்த்தி, லென்ஸ் | எடை, எழுத்து, லென்ஸ் |
| உப்புக்காற்று | எளிதில் கெடும் | ஓரளவு தாங்கும் | ஓரளவு தாங்கும் |
| திரும்ப விற்பது | கடினம் | முயன்றால் நடக்கும் | எளிது |
| படிக்கக் கிடைப்பது | நகரமும் கடலும் | பேரரசும் வணிகமும் | இரு மொழி, இரு எழுத்து |

## யாருக்கு எது

மாதம் இரண்டாயிரம் எடுத்து வைக்கும் ஆசிரியை மூன்று, நான்கு மாதம் சேர்த்து ஒரு மினாண்டர் டிராக்மாவில் தொடங்கலாம். வகுப்பில் காட்டவும் அதைவிட நல்ல காசு இல்லை. பிள்ளைகள் இரண்டு எழுத்தையும் பார்த்த உடனே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். கையில் கொடுக்கும்போது மட்டும் மேசைமேல் ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள், டீச்சர்.

கீழக்கரைக்காரருக்கு ஆந்தை மேல்தான் மனம் என்பது எனக்குத் தெரியும். விற்கும் எண்ணமே இல்லை என்றால், உளிவெட்டு விழுந்த ஒன்றை, பழைய ஏலப் பதிவோடு வாங்கலாம். விற்கும் எண்ணம் சிறிது இருந்தாலும் வேண்டாம், அந்தத் தொகையை மூன்று ஆண்டுக்குப் பிரித்து இந்திய-கிரேக்க அரசர்களை வரிசையாகச் சேர்ப்பதே மேல். அயல்நாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் போட்டு எடுத்து வரலாமே என்று கேட்டார். விலைச்சீட்டோடு, சுங்கத்தில் சொல்லிவிட்டு எடுத்து வந்தால் சரி. சொல்லாமல் கொண்டுவந்த காசுக்கு நாளை நம் பிள்ளைகளால் கணக்குக் காட்ட முடியாது.

சின்ன வெள்ளி யாருக்கென்றால், விற்க நினைக்காமல், ஆண்டுக்கு ஒரு பொட்டலத்துக்காகக் காத்திருக்கக்கூடியவருக்கு. படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கும் பொறுமையும் வேண்டும். தொண்டி மாணவரிடம் அந்தப் பொறுமை இருக்கிறது, பணம்தான் இல்லை. தம்பி, இந்த ஆண்டு எதுவும் வாங்க வேண்டாம். சென்னைக்குப் போகும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியில் ஒரு முழு நாளைச் செலவிடு. திரும்பி வந்து மிலேட்டஸ் காசின் படங்களை நூறு பார்த்து, சிங்கத்தின் பிடரி எத்தனை விதமாக வெட்டப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு என்னிடம் வா. அடுத்த பொட்டலத்தில் மூன்று காசுகளுக்கு இடமுண்டு. அதில் ஒன்றுக்கு உன் பங்கைச் சேர்த்துக்கொள்வோம், அஞ்சல் செலவை மூன்றாகப் பிரித்து.